ஒரு பெயரும் பல கலங்களும்

ஒன்றை மற்றொன்றினின்று பிரித்தறிவதற்காகவே பெயர் எழுந்தது. ஒரே பெயர் இருவர்க்கு அமைந்துவிடின் மூத்தவர் என்றும் இளையவர் என்றும் அடைகொடுத்து வழங்குகிறோம். அதுவும் போதாதாயின் ஊர்ப்பெயரை முன்வைக்கிறோம். ஔவையார் எத்தனை பேர் என்னும் வினாவோடு பழகிய தமிழ்த்துறை மாணவர்க்கு இச்சிக்கல் புதிதன்று. ஆயின் அங்கே பெயரொற்றுமை காலப்போக்கில் தானே நேர்ந்தது. வேண்டுமென்றே ஒரே பெயரைப் பல பொருள்களுக்கு இட்டு, அவ்வொற்றுமையையே கதைக்கு அச்சாக்கிக்கொண்ட புனைவு வரிசையும் உலகில் உண்டு. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1966 செப்டம்பர் 8ஆம் நாள் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்' அத்தகையது. அவ்வரிசையில் 'என்டர்பிரைஸ்' என்னும் பெயர் பெற்ற வரலாற்றையே இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம்.

ஜீன் ராடன்பெரி படைத்த அத்தொடர் மூன்று பருவங்களில் 79 பகுதிகளாக ஒளிபரப்பாகி 1969இல் நிறுத்தப்பட்டது. நிறுத்தப்பட்ட பின்னரே அது மறுஒளிபரப்பினால் பெரும்புகழ் எய்தியது. திரைப்படங்களாகவும் புதிய தொடர்களாகவும் ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாக வளர்ந்து வருகிறது. விண்மீன்களுக்கிடையே புத்துலகம் தேடிச் செல்லும் ஒரு கலம், அதில் பணிபுரியும் பல இனத்தார், அவர்களுக்குத் தலைவராகிய கிர்க். இதுவே கதையின் அடித்தளம். அக்கலத்தின் பெயர் 'என்டர்பிரைஸ்'. துணிந்து மேற்கொள்ளும் முயற்சி என்பது அச்சொல்லின் பொருள். வணிக நிறுவனம் என்றும் அதற்கு ஒரு பொருள் உண்டு. நம் ஊர்க் கடைத்தெருவில் நான்கு பலகைகளுக்கு ஒன்றில் 'என்டர்பிரைசஸ்' என்று எழுதியிருப்பதை வாசகர் கண்டிருப்பர். பல பொருள் ஒரு சொல் என்று இலக்கணத்தார் கூறும் வகையைச் சார்ந்த இச்சொல்லின் இரு பொருளும் இவ்வரிசையில் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டே வந்துள்ளன.

முன்னதன் பெயரைப் பின்னதற்கு இடுதல், முன்னதை நினைப்பதற்கும் பயன்படும். முன்னதை மறப்பதற்கும் பயன்படும். இரண்டையும் இவ்வரிசை செய்திருக்கிறது. விரும்பிப் பார்ப்போரிற் பலர் இரண்டையும் ஒன்றாகவே கருதி, அப்பெயர் ஒலித்தவுடன் நெகிழ்ந்துபோகின்றனர். அந்நெகிழ்ச்சி எல்லா இடத்தும் தகுதியுடையதன்று என்பது நம் கருத்து.

முதலில் பெயரின் பிறப்பை நோக்குவோம். 1964இல் ராடன்பெரி எழுதிய முதல் திட்டவரைவில் கலத்தின் பெயர் 'யார்க்டவுன்'. பின்னரே அது 'என்டர்பிரைஸ்' ஆயிற்று. இரண்டும் இரண்டாம் உலகப்போரில் பசிபிக் கடலில் போரிட்ட அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல்களின் பெயர்கள். 1942 ஜூனில் நிகழ்ந்த மிட்வே போரில் இரண்டுமே கலந்துகொண்டன. யார்க்டவுன் அப்போரில் மூழ்கியது. என்டர்பிரைஸ் போர் முடியும் வரை பிழைத்து நின்றது. அதனைக் காட்சியகமாகக் காத்துவைக்க அதன் பழைய மாலுமிகள் முயன்றும் இயலாமற்போக, 1958இல் உடைப்பதற்கு விற்கப்பட்டது. அப்பெயரையே தாங்கி, அணு ஆற்றலால் இயங்கும் முதல் விமானந்தாங்கிக் கப்பல் 1961இல் பணியில் சேர்ந்தது. ராடன்பெரியும் அப்போரில் பசிபிக் பகுதியில் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவரே. எனவே இப்பெயரை வெறும் இடுகுறி என்று தள்ளிவிடுதற்கில்லை. அமைதிப் பயணம் செல்லும் கற்பனைக் கலத்திற்குப் போர்க்கப்பலின் பெயர் தெரிந்தே இடப்பட்டது.

கலத்தின் மேனியில் எழுதப்பட்ட பதிவெண் என்சிசி 1701. (தேசிய மாணவர் படையோடு இதற்கு யாதொரு தொடர்பும் இல்லை என்பதை நம் மாணவர்க்குச் சொல்லிவைத்தல் நலம்.) இவ்வெண் பிற்காலத்தில் பெயரினும் சிறந்ததாயிற்று. பெயர் பலவற்றுக்கும் பொதுவாகிவிட, எண்ணே ஒன்றைச் சுட்டி நின்றது.

தொடர் தொடங்கி ஓராண்டு கழிந்த 1967 அக்டோபரிலேயே அப்பெயரின் மற்றொரு வழக்கு வந்துவிட்டது. கண்ணாடியில் தெரியும் எதிருருப்போன்ற வேறோர் உலகிற்குக் கிர்க்கும் துணைவரும் தவறிப் போய்விடுகின்றனர். அங்கும் என்டர்பிரைஸ் உண்டு. அதே தோற்றம், அதே முகங்கள். ஆனால் அது ஒரு பேரரசின் கொலைக்கருவி. மேலதிகாரியைக் கொன்று பதவி உயர்வது அங்குள்ள வழக்கம். பெயர் ஒன்றாயினும் அறம் ஒன்றாக வேண்டியதில்லை என்பதை இப்பகுதி ஒரு மணிநேரத்தில் உணர்த்திவிடுகிறது. பின்னர் வந்த எழுத்தாளர் சிலர் இதனை மறந்துவிட்டனர் என்றே நமக்குத் தோன்றுகிறது.

புனைவிலிருந்து மெய்ந்நிலைக்கு அப்பெயர் தாவியது 1976இல். அமெரிக்க விண்வெளித்துறை உருவாக்கிய முதல் விண்ணோடத்திற்குக் 'கான்ஸ்டிடியூஷன்' என்று பெயரிட எண்ணியிருந்தனர். தொடரின் அன்பர்கள் பெருந்தொகையாகக் கடிதம் எழுதியதன் பயனாகக் குடியரசுத் தலைவர் ஃபோர்டு காலத்தில் அது 'என்டர்பிரைஸ்' ஆயிற்று. அவ்வாண்டு செப்டம்பர் 17ஆம் நாள் கலிபோர்னியாவின் பாம்டேல் நகரில் அது வெளிக்கொணரப்பட்டபோது தொடரின் நடிகர்கள் வந்து நின்றனர். ஆயினும் அவ்விண்ணோடம் ஒருநாளும் விண்வெளி காணவில்லை. 1977இல் தரையிறங்கும் ஆய்வுகளுக்குப் பயன்பட்டு, பின் காட்சிப்பொருளாயிற்று. விண்வெளிக்கு முதலிற் சென்ற விண்ணோடம் 'கொலம்பியா'. அன்பர்கள் ஓராண்டு பொறுத்திருந்து அடுத்த விண்ணோடத்திற்குக் கேட்டிருக்கலாமோ என்று எண்ணினால் நகைப்புத்தான் வருகிறது.

இவற்றையெல்லாம் ஒரே சுவரில் மாட்டியது 1979இல் வெளிவந்த முதல் திரைப்படம். கலத்தின் உள்ளே ஓரிடத்தில் இப்பெயர் தாங்கிய முன்னைக் கலங்களின் படங்கள் வரிசையாகத் தொங்குகின்றன: பாய்மரக்கப்பல், விமானந்தாங்கிக் கப்பல், விண்ணோடம், இன்னும் இரண்டு. இவையனைத்தும் என்டர்பிரைஸ் எனப்பட்டவை என்று ஒருவர் விளக்குகிறார். அப்படத்திலேயே பெயர் பற்றிய மற்றொரு நுட்பமும் உண்டு. தன்னைப் படைத்தவனைத் தேடி வரும் பேரியந்திரம் தன் பெயர் 'வீஜர்' என்கிறது. இறுதியில் கிர்க் அதன் உட்பகுதியில் உள்ள பெயர்ப்பலகையின் அழுக்கைத் துடைக்கிறார். நடுவெழுத்துகள் மறைந்துபோன 'வாயேஜர் 6' என்பதே அப்பெயர் என்று தெரிகிறது. 1977இல் மெய்யாகவே ஏவப்பட்ட இரண்டு வாயேஜர் ஆய்வுக்கலங்களின் கற்பனைத் தம்பி அது. பிற்காலத்தில் 1995 முதல் 2001 வரை வந்த ஒரு தொடரில் வாயேஜர் என்று வேறொரு கலமும் வந்தது. ஒரு பெயர் சிதைந்தால் ஓர் உயிர் தன் பிறப்பையே இழக்கும் என்று காட்டிய படம் இது. அப்படமே மற்றொரு பெயரை ஆராயாமல் சுவரில் மாட்டிவைத்தது வியப்பே.

ஆராயாமல் என்று நாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. அச்சுவரில் உள்ள விமானந்தாங்கிக் கப்பல் ஓவியம் மட்டுமன்று. அணு ஆற்றல் என்டர்பிரைஸ் 1965 டிசம்பரிலிருந்து வியட்நாம்மீது குண்டுவீச விமானங்களை அனுப்பியது. அதே காலத்தில், அதாவது 1966 முதல் 1969 வரை, தொலைக்காட்சியில் மற்றொரு என்டர்பிரைஸ் பிற உலகத்தாரின் வாழ்வில் தலையிடலாகாது என்னும் விதியைப் பேசிக்கொண்டிருந்தது. 1971 டிசம்பரில், வங்காளதேச விடுதலைப் போரின் கடைசி நாள்களில், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் நிக்சனின் ஆணைப்படி வங்கக்கடலை நோக்கி வந்த கடற்படைப் பிரிவின் தலைமைக் கப்பலும் அதுவே. தமிழ்நாட்டில் அக்காலத்துச் செய்தித்தாள் படித்தவர்க்கு என்டர்பிரைஸ் என்பது கிர்க்கின் கலம் அன்று. நம் கடலுக்குள் அச்சுறுத்தலாக வந்த கப்பல். ஒரே பெயரை ஒரே ஆண்டில் இரு நாட்டார் எவ்வளவு வேறாகக் கேட்டனர் என்பதை அச்சுவர் சொல்லாது.

பெயர்மாற்றத்தின் உச்சம் 1986இல் வந்த நான்காம் திரைப்படத்தில் நிகழ்ந்தது. கதைமாந்தர் கடந்த காலத்திற்குச் சென்று, அக்கப்பலின் அணுவுலையிலிருந்து ஆற்றலைக் கவர அதனுள் நுழைகின்றனர். கலத்தின் பிள்ளை தன் முன்னோனின் வீட்டிற்குத் திருடச் சென்றதுபோன்ற நகைச்சுவை. ஆனால் படப்பிடிப்பு நடந்தது 'ரேஞ்சர்' என்னும் வேறொரு கப்பலில். அக்கப்பல் தன் பெயரைச் சிறிது நேரம் துறந்து என்டர்பிரைசாக நடித்தது. நடிகர் வேடம் பூணலாம். கப்பலும் பூணலாம் போலும்.

அணு ஆற்றல் என்டர்பிரைஸ் 2017இல் முறைப்படி ஓய்வு பெற்றது. அப்பெயரிலேயே புதிய விமானந்தாங்கிக் கப்பல் ஒன்றுக்கு 2022இல் அடிக்கட்டை இடப்பட்டது. அதன் கட்டுமானத்தில் பழைய கப்பலின் எஃகும் உருக்கிச் சேர்க்கப்படுகிறது.

இனிப் புனைவினுள்ளேயே அப்பெயர் கைமாறிய முறையைக் காண்போம். 1984இல் வந்த மூன்றாம் படத்தில், தம் நண்பரை மீட்பதற்காகக் கிர்க் அக்கலத்தைத் திருடிச் சென்று, பகைவர் கையில் சிக்காதிருக்கத் தாமே அழித்துவிடுகிறார். ஒரு கோளின் தரையில் நின்று, எரிந்து வீழும் தம் கலத்தை அவரும் துணைவரும் பார்க்கும் காட்சி அவ்வரிசையின் மிகச்சிறந்த காட்சிகளுள் ஒன்று. கலம் உயிரற்ற பொருள் என்பதே அக்கணத்தில் மறந்துபோகிறது. ஆனால் இரண்டாண்டு கழித்து, மேற்கூறிய நான்காம் படத்தின் முடிவில், அதே தோற்றமுடைய புதிய கலம் ஒன்று அவர்களுக்கு அளிக்கப்படுகிறது. பெயர் அதுவே, எண்ணும் அதுவே, இறுதியில் 'ஏ' என்னும் ஓர் எழுத்து மட்டும் கூடுதல். திரையரங்கில் கைதட்டல் எழுந்திருக்கும். நமக்கோ அது முன்னைய காட்சியின் துயரத்தைப் பின்னோக்கிக் களவாடியதாகவே படுகிறது. இழந்தது இவ்வளவு எளிதில் கிடைக்குமாயின் அவர்கள் எதற்காகக் கலங்கி நின்றனர்?

அவ்வெழுத்து வரிசை அதன்பின் வளர்ந்தது. 1987இல் தொடங்கிய புதிய தொடரின் கலம் 'டி'. இடையில் விடுபட்ட எழுத்துகளுக்கு எழுத்தாளர்கள் பின்னர் கதை எழுதினர். அவற்றுள் 'சி' பற்றிய கதை, இப்பெயரைப் பயன்படுத்திய எல்லாக் கதைகளிலும் உயர்ந்தது என்று துணிந்து கூறுவோம். 1990 பிப்ரவரியில் ஒளிபரப்பான அப்பகுதியின் தலைப்பே 'நேற்றைய என்டர்பிரைஸ்' என்னும் பொருளது.

இருபத்திரண்டு ஆண்டுகட்கு முன் காணாமற்போன 'சி' திடீரெனக் காலப்பிளவு வழியாக 'டி'யின் முன் தோன்றுகிறது. அது தன் காலத்தை விட்டு வந்துவிட்டமையால் வரலாறே மாறிப்போகிறது. அமைதிக்கலமாயிருந்த 'டி' ஒரு நொடியில் போர்க்கலமாகிவிடுகிறது, கிளிங்கான் இனத்தாரோடு நெடும்போர் நடக்கிறது, தோல்வி நெருங்குகிறது. 'சி' செய்துகொண்டிருந்த செயல் யாது? தம் பகைவராகிய கிளிங்கான்களின் நரேந்திரா என்னும் புறக்காவலிடம் ரோமுலன்களால் தாக்கப்பட்டபோது, அபயக்குரல் கேட்டு உதவச் சென்றது. (வடமொழிப் பெயர் அவ்வளவு தொலைவு சென்றிருப்பது வியப்பே.) பகைவனுக்காகப் போரிட்டு அது அழிந்திருந்தால், அந்நன்றியில் அமைதி பிறந்திருக்கும். இப்போது அது திரும்பிச் சென்று அழிய வேண்டும். தலைவர் ரேச்சல் காரெட் அதற்கு இசைகிறார். அவர் இறந்துபட, எஞ்சியோர் கலத்தைத் திருப்பிச் செலுத்துகின்றனர். வெல்வதற்கு வாய்ப்பில்லை என்று அறிந்தே செல்கின்றனர்.

இங்கே ஒரே பெயருடைய இரு கலங்கள் எதிரெதிரே நிற்கின்றன. 'டி' இனிய கலமாக இருப்பதற்கு விலை கொடுத்தது 'சி'. ஆயினும் வரலாறு சீரான பின் 'டி'யில் இருப்போர்க்கு நிகழ்ந்தது எதுவும் நினைவில்லை. பெயர் மட்டும் தொடர்கிறது; அதற்காக மாண்டவரின் முகம் தொடர்வதில்லை. ஒரு பெயரைத் தாங்குவோர் அதற்கு முன்னிருந்தோர்க்குப் பட்டிருக்கும் கடனை இதனினும் தெளிவாகக் காட்டிய புனைவை நாம் கண்டதில்லை.

1992இல் வந்த மற்றொரு பகுதியில் இதே பொருள் சிறிய அளவில், ஆனால் மிக இனிதாக வருகிறது. முதற்கலத்தின் பொறியாளர் ஸ்காட் எழுபத்தைந்து ஆண்டுகள் ஒரு கருவிக்குள் உறைந்திருந்து, 'டி'யினரால் மீட்கப்படுகிறார். அவருடைய அறிவு பழையதாகிவிட்டது. இளம் பொறியாளர்க்கு அவர் இடையூறாகத் தெரிகிறார். மனம் வருந்திய அவர், விரும்பிய இடத்தை உருவாக்கிக் காட்டும் அறைக்குச் சென்று என்டர்பிரைசின் தலைமைக்கூடத்தைக் காட்டுமாறு கேட்கிறார். அப்பெயரில் ஐந்து கலங்கள் இருந்துள்ளன, எது வேண்டுமென்று கணிப்பொறி வினவுகிறது. அவ்வொரு வினாவில் அம்முதியவரின் முழுத்தனிமையும் அடங்கிவிடுகிறது. அவருக்கு என்டர்பிரைஸ் என்பது ஒன்றே. உலகத்திற்கோ அது ஒரு பட்டியல். பின்னெழுத்துகளையெல்லாம் சினத்தோடு ஒதுக்கிவிட்டு, வெறும் 1701 வேண்டும் என்கிறார். எண்ணைச் சொல்லித்தான் தம் வீட்டை அவர் மீட்க முடிந்தது. காட்சி தோன்றுகிறது, சிறிது நேரம் அமர்ந்திருந்துவிட்டு அதனை அணைக்குமாறும் அவரே கூறுகிறார். அடைமொழி ஏற்றவுடன் முதற்பொருள் சிறிது சுருங்குகிறது என்பதை வகுப்பில் பாடமாகச் சொல்வதைவிட இக்காட்சியைக் காட்டிவிடலாம்.

என்டர்பிரைசுக்கு மட்டும் நேர்ந்ததன்று இது. 'டிஃபையன்ட்' என்னும் பெயரையும் நோக்கலாம். 1968இல் வந்த பகுதியில் அப்பெயருடைய கலம் மாண்டோர் நிறைந்த பாழ்ங்கலமாகக் காணப்படுகிறது. 1994இல் மற்றொரு தொடரில் புதிய போர்க்கலம் அப்பெயரோடு வருகிறது. 1999இல் அது அழிக்கப்பட்டவுடன், சில பகுதிகளுக்குள் 'சாவோ பாவ்லோ' என்னும் கலம் அனுப்பப்பட்டு, தனி இசைவு பெற்று 'டிஃபையன்ட்' என்று மாற்றப்படுகிறது. பிரேசில் நாட்டுப் பெருநகரின் பெயரை ஒரு கலம் தாங்கியிருந்தது. ஒரு நாள்கூட அப்பெயரோடு போரிடவில்லை. பழையதை இழந்தோரின் ஆறுதலுக்காகப் புதியதன் பெயர் பறிபோயிற்று.

2001இல் வந்த தொடர், கிர்க்குக்கும் நூறாண்டு முற்பட்ட ஓர் என்டர்பிரைசைப் படைத்தது. 2009இல் வந்த படம் வேறொரு கால ஓட்டத்தில் அதே பெயரையும் எண்ணையும் மீண்டும் ஆண்டது. 2009இலேயே தனியார் விண்வெளி நிறுவனமொன்று சுற்றுலாப் பயணத்திற்கென அமைத்த ஊர்திக்கும் அப்பெயரைச் சூட்டியது. 2014 அக்டோபர் 31ஆம் நாள் ஆய்வுப் பறப்பில் அது சிதைந்து, அதனைச் செலுத்திய இருவருள் ஒருவர் உயிரிழந்தார். இவற்றில் நாம் நெடிது நிற்கவில்லை. முயற்சி என்னும் பொருள் தேய்ந்து நிறுவனம் என்னும் பொருள் ஓங்கிய காலம் அது.

நம் மனக்குறை 2023இல் வந்த 'பிக்கார்ட்' தொடரின் மூன்றாம் பருவத்தைப் பற்றியது. அப்பருவத்தின் கலம் 'டைட்டன் ஏ'. அதன் தலைவர் ஷா, துணைத்தலைவராகிய பெண்மணியை அவர் தாமே ஏற்றுக்கொண்ட 'செவன் ஆஃப் நைன்' என்னும் பெயரால் அழைக்க மறுக்கிறார்; பிறப்புப் பெயரின் வழிவந்த 'ஹான்சன்' என்றே அழைத்துவருகிறார். அவரவர் பெயரை மதித்து அழைத்தல் என்பது அக்கதையின் உள்ளோட்டம். இறக்கும் தறுவாயில் ஷா கலத்தை அவரிடம் ஒப்படைத்து, முதன்முறையாக அவர் விரும்பிய பெயரால் விளிக்கிறார். நெஞ்சை நெகிழ்விக்கும் இடம் அது. கப்பற்படை முழுவதும் பகைவர் வசமானபோது தனித்து நின்று போரிட்டதும் டைட்டனே.

அத்தகைய கலத்திற்கு முடிவில் கிடைத்த பரிசு யாது? அதன் பெயரை அழித்து 'என்டர்பிரைஸ் ஜி' என்று எழுதினர். செவன் அதன் தலைவராகிறார். தம் பெயருக்காக அத்துணை நாள் போராடிய ஒருவர், பெயர் பறிக்கப்பட்ட கலத்தின் தலைமை இருக்கையில் அமர்ந்து மகிழ்கிறார். இம்முரணை எழுத்தாளர்கள் உணர்ந்ததாகத் தெரியவில்லை. மிக உயர்ந்த பெயர் வழங்கப்பட்டது சிறப்பே அன்றோ எனச் சிலர் கூறுவர். சிறப்பு என்பது ஒருவர் செய்த செயலை அவர் பெயரோடு சேர்த்து வைப்பது. செயலை ஒருவரிடமிருந்து எடுத்து, பெரிய குடும்பத்தின் கணக்கில் சேர்ப்பதைச் சிறப்பென்று எவ்வாறு கொள்வது? ஒரு படைவீரன் காட்டிய வீரத்திற்குப் பரிசாக, இனி உன் பெயர் இன்னதன்று, எங்கள் தளபதியின் பெயரே உன் பெயர் என்று சொன்னால் அவன் இல்லத்தார் மகிழ்வரோ?

இத்தனைக்கும் அப்பருவத்தில் பழைய 'டி' கலமே செப்பனிடப்பட்டுக் காட்சியகத்திலிருந்து எழுந்து வந்து உலகைக் காத்தது. பெயர் மங்கிவிடும் என்று அஞ்சுதற்கு இடமே இல்லை. கதையின் கணக்குப்படி, நரேந்திராவில் 'சி' அழிந்தபின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அப்பெயரில் கலம் இருந்ததாக எங்கும் காட்டப்படவில்லை. 'டைட்டன்' என்னும் எழுத்துகளோ, அது தனித்து நின்று போரிட்ட ஓராண்டிற்குள் அதன் மேனியிலிருந்து துடைக்கப்பட்டன.